கட்டடத் தொழிலாளரின் வார வேலை நேரம்

(ஊரகக் கொத்தனார் பயிற்சி நிறைவு நாளன்று வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்றோடு 45 நாள் பயிற்சி நிறைவு பெறுகின்றது. ஓர் ஏழைக் குடும்பத்தின் வீட்டையே பாடசாலையாகக் கொண்டு நீங்கள் பயின்றீர்கள். அஸ்திவாரம் முதல் தளம் வரையில் உங்கள் கைகளால் எழுந்த அவ்வீடு இதோ நம் கண்ணெதிரே நிற்கின்றது. சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்கின்றதா, வரிசை ரசமட்டத்துக்குச் சரியாக ஓடுகின்றதா என்று அளந்து பார்க்கும் பழக்கத்தை நீங்கள் பெற்றுவிட்டீர்கள். ஆனால் இத்தனை அளவைகளுக்கு நடுவில் இன்னும் அளக்கப்படாமல் இருப்பது ஒன்று உண்டு. அது உங்களுடைய வேலை நேரம். அதைப் பற்றியே இன்று உங்களுடன் சிறிது பேச விரும்புகின்றோம்.

செங்கல்லை எண்ணி வாங்குகின்றோம். சிமெண்டு மூட்டையை எண்ணி இறக்குகின்றோம். கம்பியை எடை போடுகின்றோம். மணலையும் ஜல்லியையும் கன அளவில் கணக்கிடுகின்றோம். இவற்றையெல்லாம் ஒன்று சேர்த்து வீடாக்கும் மனிதனின் உழைப்பை மட்டும் “ஒரு நாள் கூலி” என்று சொல்லி நிறுத்திக்கொள்கின்றோம். அந்த ஒரு நாள் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகின்றது? அத்தகைய நாட்கள் வாரத்தில் எத்தனை? அடுத்த வாரம் வேலை உண்டா? இக்கேள்விகளை நாம் கேட்பதில்லை. மதிப்பீடு தயாரிக்கும்போது “ஓர் ஆள்” என்றால் எட்டு மணி நேர உழைப்பு என்று எழுதி வைக்கின்றோம். வேலை நடக்கும் இடத்தில் அந்த எட்டு, பன்னிரண்டாகவும் ஆகின்றது. சில வாரங்களில் ஒன்றுமே இல்லாமலும் போகின்றது.

சராசரி என்னும் கணக்கு

அமெரிக்க ஐக்கிய நாட்டில் கட்டடத் தொழிலைப் பிரித்துக் கணக்கெடுக்கின்றார்கள். முழுக் கட்டடத்தையும் ஏற்றுக் கட்டுவோர் ஒரு பிரிவினர். சாலை, பாலம் முதலிய பெரும் பணிகளைச் செய்வோர் இன்னொரு பிரிவினர். கல் வேலை, கான்கிரீட், கூரை, மின்சாரம், குழாய், வர்ணம் என ஒவ்வொரு தொழிலையும் தனித்தனியே ஏற்றுச் செய்வோர் மூன்றாவது பிரிவினர். இங்கே அமர்ந்திருக்கும் உங்களில் பெரும்பாலோர் இந்த மூன்றாவது பிரிவினரைப் போன்றவர்களே. அவர்கள் வாரத்துக்குச் சராசரியாக எத்தனை மணி நேரத்துக்கு ஊதியம் பெறுகின்றார்கள் என்பதை அந்நாட்டு அரசாங்கம் மாதந்தோறும் வெளியிடுகின்றது. அண்மை ஆண்டுகளில் அது ஏறத்தாழ 38, 39 மணி என்ற அளவில் இருந்து வந்துள்ளது. 1938-ஆம் ஆண்டில் அங்கு இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 1940 முதல் வாரத்தில் 40 மணிக்கு மேல் வேலை வாங்கினால் கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் கொடுத்தாக வேண்டும்.

இனி நம்மூருக்கு வருவோம். உதாரணத்துக்காக ஒரு கொத்தனாரின் ஒரு மாத வேலையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் வாரம் தினம் 12 மணி வீதம் ஆறு நாட்கள். ஆக 72 மணி. இரண்டாம் வாரம் 64 மணி. மூன்றாம் வாரம் மணல் வராமையால் 20 மணியோடு நின்றுவிட்டது. நான்காம் வாரம் மழை, வேலையே இல்லை. நான்கு வாரங்களையும் கூட்டினால் 156 மணி. நான்கால் வகுத்தால் வாரத்துக்கு 39 மணி.

பார்த்தீர்களா? அமெரிக்கத் தொழிலாளியின் சராசரியும் 39. நம் கொத்தனாரின் சராசரியும் 39. காகிதத்தில் இருவரும் சமமாகிவிட்டார்கள். அந்தக் காகிதத்தை மட்டும் பார்க்கும் ஒருவர், “நம் ஊரில் யாருக்கும் வேலைப் பளு இல்லை” என்று முடிவு கட்டிவிடலாம். 72 மணி உழைத்த வாரத்தில் அவருடைய இடுப்பும் தோளும் பட்ட பாட்டையோ, ஒரு மணியும் வேலையில்லாத வாரத்தில் அவர் வீட்டு அடுப்பு பட்ட பாட்டையோ அந்தச் சராசரி சொல்லாது. முதல் வாரத்துக் களைப்பை நான்காம் வாரத்து ஓய்வு ஈடு செய்யும் என்று நினைப்பதும் தவறு. கூலியில்லாத ஓய்வு கவலையோடு கழியும் ஓய்வு. அதனால் உடம்பு தேறுவதில்லை.

ஆதலால் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒரு வாரத்தில் வேலை அளவுக்கு மிஞ்சலாகாது. மற்றொரு வாரத்தில் வேலை அடியோடு இல்லாமற் போகலாகாது. இவ்விரண்டும் ஒரே நோயின் இரு குறிகள். வேலை ஆண்டு முழுவதும் பரவி நில்லாமல் சில வாரங்களில் வந்து குவிவதே அந்த நோய்.

எட்டு மணி நேரம் வந்த வழி

வேலை நேரத்துக்கு ஒரு வரம்பு வேண்டும் என்று உலகில் முதலில் கேட்டவர்களில் உங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள் என்பதை நீங்கள் பெருமையுடன் நினைவில் கொள்ளலாம். ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரத்துப் பல்கலைக்கழகக் கட்டடத்தில் வேலை செய்து வந்த கல் கொத்தர்கள், 1856 ஏப்ரல் 21-ஆம் நாள், தங்கள் உளிகளையும் சுத்தியல்களையும் கீழே வைத்துவிட்டு, சட்டமன்றக் கட்டடத்தை நோக்கி ஊர்வலமாகச் சென்றார்கள். வெப்பம் மிகுந்த அந்நாட்டில் நாளுக்குப் பத்து மணி நேரம் கல்லோடு போராட இயலாது என்பது அவர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று. எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி உறக்கம் என்று நாளை மூன்றாகப் பகுத்தார்கள். கூலியில் குறைவின்றி எட்டு மணி வேலை அந்நகரத்துக் கட்டடத் தொழிலாளருக்குக் கிடைத்தது.

சிகாகோ நகரத்தில் 1886-ஆம் ஆண்டு மே மாதத்தில் நடந்த கிளர்ச்சியின் நினைவாகவே உலகெங்கும் மே தினம் கொண்டாடப்படுகின்றது. நம் நாட்டில் அந்நாளை முதன்முதலாக 1923-ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரையில் கொண்டாடியவர் சிங்காரவேலர் என்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

1919-ஆம் ஆண்டு வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு, நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்தது. ஆனால் அதே உடன்படிக்கையில் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வாரத்துக்கு 60 மணி என்று தனி விதி எழுதப்பட்டது. 1922-ஆம் ஆண்டின் திருத்தத்தால் நம் நாட்டுத் தொழிற்சாலைகளுக்கு அந்த 60 மணி விதிக்கப்பட்டது. 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது 54 ஆகக் குறைந்தது. டாக்டர் அம்பேத்கர் வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை வகித்த காலத்தில் கொண்டுவரப்பட்ட 1946-ஆம் ஆண்டுத் திருத்தமே அதனை 48 ஆக்கியது. அறுபதிலிருந்து நாற்பத்தெட்டுக்கு இறங்கி வர நமக்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டு பிடித்தது. அதுவும் தொழிற்சாலைகளுக்கு மட்டுந்தான். திறந்த வெளியில் நடக்கும் கட்டட வேலைக்கு நாடு முழுவதற்குமான தனிச் சட்டம் வந்தது அதற்கும் ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1996-இல்.

அச்சட்டத்தின் கீழ் 1998-இல் வகுக்கப்பட்ட மத்திய விதிகள், கட்டடத் தொழிலாளருக்கு நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டின. இவற்றுக்கெல்லாம் பிறகு, 2020-இல் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒரு நாளைய வேலை 8 மணி நேரம். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. கூடுதல் நேரத்துக்கு இரு மடங்கு ஊதியம்.

சட்டம் எட்டாத வீடு

இங்கே ஒரு முக்கியமான செய்தியை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1996-ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களையும், ஒருவர் தாம் குடியிருப்பதற்காக 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படாமல் கட்டிக்கொள்ளும் வீட்டையும் தன் எல்லைக்கு வெளியே விட்டிருந்தது. இப்போது நடைமுறைக்கு வந்துள்ள தொகுப்புச் சட்டமும் அவ்வாறே சிறு வேலைகளை வெளியே விட்டிருப்பதோடு, சொந்த வீட்டுக்கான வரம்பை 50 லட்சம் ரூபாயாக உயர்த்தியிருக்கின்றது.

நம் ஊர்களில் கட்டப்படும் வீடுகள் எத்தகையவை? 2024-இல் தொடங்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு அரசு வழங்கும் தொகை மூன்றரை லட்சம் ரூபாய். பிரதமரின் ஊரக வீடு கட்டும் திட்டத்து வீடு அதனினும் சிறியது. ஐந்தாறு பேர் சேர்ந்து கட்டி முடித்துவிடும் வீடுகள் இவை. ஆக, நீங்கள் இப்பயிற்சியில் கட்டியது போன்ற வீடு ஒவ்வொன்றும், வேலை நேரத்தைப் பற்றிய அந்த விதிகளுக்கு வெளியிலேயே நிற்கின்றது.

இதற்காகச் சட்டத்தைக் குறை கூறிவிட்டு நாம் சும்மா இருக்கலாமா? ஓர் ஏழை விதவை தம் குடிசையை இடித்துவிட்டு வீடு கட்டும்போது, அவரைத் தொழிற்சாலை முதலாளியாகக் கருதிப் பதிவேடும் படிவமும் கேட்பது முறையாகாது என்பதும் உண்மை. ஆனால் சட்டம் எட்டாத இடத்திலும் உடம்பின் களைப்பு எட்டும். ஆகவே அங்கே வேலை நேரத்தை வரையறுக்க வேண்டியவர்கள் நாம்தாம். வீட்டுக்காரர், கொத்தனார், ஊராட்சி, வட்டார அலுவலகம் ஆகிய நால்வரும் சேர்ந்து ஏற்படுத்திக்கொள்ளும் வழக்கமே அங்கே சட்டமாக நிற்க வேண்டும்.

வேலை குவிவது ஏன்?

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்” என்பது நம் பழமொழி. இரண்டையும் நாம் ஒரே பருவத்தில் வைத்துக்கொள்கின்றோம். ஆடியிலும் மார்கழியிலும் புதிதாக மனை கோலுவது பெரும்பாலோரிடம் வழக்கமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. வானம் தோண்டினால் தண்ணீர் நிற்கும். எனவே தை பிறந்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் தொடங்குகின்றார்கள். இருக்கின்ற கொத்தனார்களோ சிலர். கம்பி கட்டுவோரும் முட்டுப் பலகை அடிப்போரும் அவர்களினும் சிலர்.

அதே தை, மாசி, பங்குனி மாதங்கள்தாம் அரசாங்கத்தின் கணக்கு ஆண்டு முடியும் மாதங்களும். மார்ச் 31-க்குள் இத்தனை வீடுகள் முடிய வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வரும். ஊர் வழக்கமும் அரசாங்க நாட்காட்டியும் ஒரே மூன்று மாதங்களில் வந்து மோதிக்கொள்கின்றன. அந்த மோதலின் பாரம் சாரத்தின் மேல் நிற்பவன் தோளில் விழுகின்றது.

இதைப் பிறர் மேல் பழியாகச் சொல்ல நாம் வரவில்லை. நம் கையாலேயே நேர்ந்த ஒன்றைச் சொல்லுகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு வட்டாரத்தில் பணியாற்றியபோது, பங்குனி மாதத்தின் நடுவில், தளம் போடப்படாத வீடுகளின் பட்டியல் நம் மேசை மீது இருந்தது. நாள்தோறும் காலையிலும் மாலையிலும் ஒவ்வோர் ஊராட்சிச் செயலரையும் தொலைபேசியில் அழைத்து, “தளம் ஆயிற்றா?” என்று கேட்டோம். அந்தக் கேள்வி செயலரிடமிருந்து மேற்பார்வையாளருக்கும், அவரிடமிருந்து கொத்தனாருக்கும், கொத்தனாரிடமிருந்து முட்டு அடிப்பவருக்கும் போயிற்று. கீழே போகப் போக அது கேள்வியாக இல்லாமல் கட்டளையாக மாறிப்போயிற்று. முட்டு அடிக்கும் ஒரே குழு ஒரே வாரத்தில் நான்கு ஊர்களில் வேலை செய்தது. விடியற்காலை தொடங்கி இரவு விளக்கு வெளிச்சத்தில் முடித்தார்கள்.

அவ்வாறான ஓர் இரவில், அக்குழுவைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் பலகையின் ஓரத்தைக் காணாமல் கால் வைத்துக் கீழே விழுந்தான். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் தொடை எலும்பு முறிந்தது. மறுபடியும் அவன் சாரம் ஏறப் பல மாதங்கள் ஆயின.

பின்னர் ஒருநாள் அவனுடைய தாயார் நம் அலுவலகத்துக்கு வந்தார். அவர் அழவில்லை, சண்டையிடவும் இல்லை. மேசை மீதிருந்த அளவுப் புத்தகத்தைக் காட்டி, “ஐயா, எத்தனை மூட்டை சிமெண்டு போச்சுன்னு இதிலே எழுதியிருப்பீங்க. எம் புள்ளை அன்னைக்கு எத்தனை மணி நேரம் நின்னான்னு எழுதியிருக்கீங்களா?” என்று கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. அந்தப் புத்தகத்தில் அதற்குப் பத்தியே கிடையாது.

அடுத்த ஆண்டில் நாம் செய்தது பெரிய காரியம் அன்று. பயனாளிகளின் பட்டியலை ஆண்டுத் தொடக்கத்திலேயே முடித்து, வேலை உத்தரவுகளைத் தவணை தவணையாக வழங்கினோம். ஊராட்சி வாரியாக எத்தனை கொத்தனார், எத்தனை கம்பி வேலைக்காரர், எத்தனை முட்டுக் குழு என்று எழுதி, அதற்கேற்பத் தளம் போடும் நாட்களை ஒன்றன் பின் ஒன்றாக வகுத்தோம். அஸ்திவாரம், நிலைமட்டம், தளம் என ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அளவெடுப்பதைத் தள்ளிப்போடாமல் முடித்தோம். தவணைப் பணம் வாராவிட்டால் வீட்டுக்காரர் பொருள் வாங்க முடியாது. பொருள் இல்லாவிட்டால் கொத்தனார் வேறிடம் போய்விடுவார். பின்னர் பணம் வந்ததும் எல்லா வீடுகளும் ஒரே நாளில் அவரைக் கூப்பிடும். இந்தச் சங்கிலியின் முதற் கண்ணி நம் அலுவலகத்தில் இருக்கின்றது என்பதை அந்தத் தாயாரே நமக்குக் கற்றுக்கொடுத்தார் எனலாம். அவ்வாண்டு பங்குனியில் அவ்வட்டாரத்தில் விளக்கு வெளிச்சத்தில் ஒரு தளமும் போடப்படவில்லை.

கான்கிரீட்டுக்கு உள்ள நேரமும் மனிதனுக்கு உள்ள நேரமும்

“கட்டட வேலையை மணி பார்த்து நிறுத்த முடியுமா?” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வியே. தளம் போடத் தொடங்கினால் நடுவில் நிறுத்தலாகாது. சாதாரண சிமெண்டு, தண்ணீர் கலந்த அரைமணிக்குப் பிறகு இறுகத் தொடங்கலாம் என்பதையும், பாதியில் விட்டால் ஒட்டு விழுந்து பின்னாளில் நீர் கசியும் என்பதையும் நீங்கள் பயிற்சியில் கற்றீர்கள். தளம் போடும் நாளில் நேரம் சிறிது மிஞ்சுவது இயற்கை.

ஆனால் அதே கான்கிரீட்டுக்கு நாம் எவ்வளவு பொறுமை காட்டுகின்றோம் என்பதையும் எண்ணிப் பாருங்கள். குறைந்தது ஏழு நாட்கள் ஈரம் காயாமல் தண்ணீர் கட்டுகின்றோம். நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு ஏழு நாட்களும், அதற்கு மேற்பட்டதற்குப் பதினான்கு நாட்களும் முட்டைப் பிரிப்பதில்லை. அவசரப்பட்டால் தளம் இறங்கிவிடும் என்று அஞ்சுகின்றோம். தளத்துக்குக் கொடுக்கும் அவகாசத்தில் ஒரு பங்கைத் தளம் போட்டவர்களுக்கும் கொடுத்தால் என்ன? தளம் போட்ட மறுநாளைக் கூலியோடு கூடிய அரை நாளாக வைத்துக்கொள்ளலாம். காலை 11 மணிக்குமேல் எந்தத் தளத்தையும் தொடங்குவதில்லை என்று ஊரில் ஒரு கட்டுப்பாடு செய்துகொள்ளலாம். 300 சதுர அடித் தளத்தைக் காலையில் தொடங்கினால், பொருளும் ஆளும் சரியாக இருக்கும் இடத்தில், பொழுது சாய்வதற்குள் முடித்துவிடலாம் என்பதை நீங்களே அறிவீர்கள்.

எழுதப்படாத மணிகள்

வழக்கமாகக் காலை 9 மணிக்குத் தொடங்கி மாலை 6 மணிக்கு முடித்து, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கு விட்டால், நாளுக்கு 8 மணியும் ஆறு நாட்களுக்கு 48 மணியும் ஆகின்றன. ஆனால் பக்கத்துப் பட்டணத்துக்குப் பேருந்தில் சென்று வேலை செய்பவருக்குப் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்று வைத்துக்கொண்டால், வாரத்தில் இன்னும் 18 மணி சேர்கின்றது. ஆக 66 மணி. அந்தப் பதினெட்டு மணிக்குக் கூலியும் இல்லை, கணக்கும் இல்லை. உள்ளூரிலேயே வேலை கிடைத்தால் கூலி சிறிது குறைந்தாலும் நட்டமில்லை என்பதை இந்தக் கணக்கு காட்டும்.

சித்தாள் வேலை செய்யும் தாய்மார்களின் கணக்கோ இன்னும் கடினமானது. 2024-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகின்றார்கள். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். 289 நிமிடம் என்பது ஐந்து மணிக்குச் சற்றே குறைவு. கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இது சற்றுக் குறையலாம். ஆயினும் எட்டு மணி கலவை சுமந்தபின் வீட்டில் அடுப்பும் குடமும் அவருக்காகக் காத்திருக்கின்றன. மாலை 6 மணிக்கு விட வேண்டிய வேலையை 8 மணிக்கு விட்டால், ஆணுக்கு உறக்கத்தில் கொஞ்சம் குறையும். பெண்ணுக்கோ உறக்கமே பாதியாகிவிடும். எனவே சித்தாள்களைக் குறித்த நேரத்தில் அனுப்புவது கருணை என்று எண்ண வேண்டாம். அது கணக்குத் தெரிந்தவர் செய்யும் நியாயம்.

வெயிலையும் மறக்கலாகாது. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. புயலும் வெள்ளமும் போல வெயிலும் ஒரு பேரிடர் என்று ஏற்றுக்கொண்டபின், சித்திரை, வைகாசியில் உச்சி வேளையில் ஒருவரைத் தளத்தின் மேல் நிறுத்துவது எப்படித் தகும்? அம்மாதங்களில் காலை 6 மணிக்குத் தொடங்கி 11 மணிக்கு நிறுத்தி, மீண்டும் 3 மணி முதல் 6 மணி வரையில் செய்தால் அதே எட்டு மணி நேரம் வரும். உடம்பும் தாங்கும், பூச்சு வேலையும் வெயிலில் வெடிக்காது.

இனி நாம் செய்யத்தக்கவை

பேச்சோடு நின்றுவிடாமல் செய்யக்கூடியவை சிலவற்றைச் சொல்லி முடிக்கின்றோம்.

வீட்டுக்காரர்களுக்கு முதற்கண் ஒரு வேண்டுகோள். கூலியைப் பேசும்போதே நேரத்தையும் பேசிவிடுங்கள். எத்தனை மணிக்குத் தொடக்கம், எத்தனை மணிக்கு முடிவு, தேநீருக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு இடைவேளை, நேரம் மிஞ்சினால் எவ்வளவு என்பதெல்லாம் முன்னரே தெளிவாக இருந்தால் மனக்கசப்பு வராது. சதுர அடிக் கணக்கில் மொத்தமாகப் பேசும்போது, எவ்வளவு விரைவில் முடிக்கின்றாரோ அவ்வளவு இலாபம் என்று கொத்தனார் தம் உடம்பையும் சித்தாள்களின் உடம்பையும் விரட்டத் தொடங்குவார். அவ்வாறு பேசினாலும் நாள் ஒன்றுக்கு இவ்வளவு நேரமே வேலை என்பதைச் சேர்த்துப் பேசுங்கள். களைத்த கையால் எழுந்த சுவரில் குடியிருக்கப் போகின்றவர் நீங்கள்தாம்.

தொழிலாளர்களுக்கு அடுத்தது. ஒவ்வொருவரும் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊர், யார் வீடு, எத்தனை மணிக்கு வந்தேன், எத்தனை மணிக்குப் போனேன் என்று நாள்தோறும் ஒரு வரி எழுதுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பள்ளியில் படிக்கும் பிள்ளை எழுதிக் கொடுக்கும். சனிக்கிழமை கூலி வாங்கும்போது கூட்டிப் பாருங்கள். ஓராண்டு எழுதினால், எந்த மாதம் வேலை மிகுகின்றது, எந்த மாதம் வறள்கின்றது என்பது உங்களுக்கே தெரியவரும். நிலை, கதவு செய்தல், உட்பூச்சு, மின் குழாய் பதித்தல், வர்ணம் பூசுதல் போன்ற கூரைக்கு உள்ளே நடக்கும் வேலைகளை மழை மாதங்களுக்கு ஒதுக்கி வைத்துப் பழகினால் வறண்ட வாரங்கள் குறையும். ஒரு தொழிலுக்குத் துணையாக மற்றொன்றைக் கற்றுக்கொள்வதும் அதற்கு உதவும்.

இதுவரையில் பதிவு செய்யாதவர்கள், 1994-இல் ஏற்படுத்தப்பட்ட தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் தவறாமல் பதிவு செய்துகொள்ளுங்கள். 18 வயது முதல் 60 வயது வரையில் உள்ளவர்கள் பதிவு பெறலாம். விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, மகப்பேற்று உதவி, அறுபது வயதுக்குப்பின் ஓய்வூதியம் ஆகியவை அதன் வழியாகக் கிடைப்பன. சட்டத்தின் வேலை நேர விதி எட்டாத சிறு வீட்டில் உழைப்பவருக்கும் இந்த வாரியத்தின் கதவு திறந்திருக்கின்றது. சித்தாள் வேலை செய்யும் பெண்களும் கணவர் பெயரில் இருப்பதே போதும் என்று விட்டுவிடாமல் தங்கள் பெயரில் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும்.

ஊராட்சித் தலைவர்களுக்கு ஒன்று. உங்கள் ஊரில் உள்ள கட்டடத் தொழிலாளர்களின் பெயரையும் தொழிலையும் எழுதி ஒரு பட்டியல் வைத்திருங்கள். எந்த வாரம் எந்த வீட்டுக்குத் தளம் என்பதைக் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். ஒரே நாளில் நான்கு தளங்களுக்கு நாள் குறித்தால் நான்கும் கெடும்.

கடைசியாக, எங்களைப் போன்ற அலுவலர்களுக்கு. உத்தரவைத் தாமதமாக வழங்கிவிட்டு வேலையை விரைவில் கேட்பது அறமாகாது. ஆண்டின் முற்பகுதியில் நம் மேசையில் உறங்கும் ஒவ்வொரு காகிதமும் பங்குனியில் ஒருவருடைய உறக்கத்தைப் பறிக்கின்றது. இதை நமக்கு நாமே சொல்லிக்கொள்ளாமல் உங்களுக்கு மட்டும் உபதேசம் செய்வதில் பொருளில்லை. இவ்வட்டாரத்தில் இனித் தயாராகும் வேலைப் பதிவேட்டில், தளம் போட்ட நாளில் வேலை தொடங்கிய மணியையும் முடிந்த மணியையும் எழுதுவதற்கு ஒரு பத்தி சேர்த்திருக்கின்றோம். சிறிய பத்திதான். ஆனால் ஒரு தாய் வந்து கேட்டால், பதில் சொல்ல அதில் இடம் இருக்கும்.

பயிற்சியை முடித்துச் செல்லும் சகோதரர்களே! நீங்கள் இதுவரை கட்டிய சுவர்கள் நேராக நிற்கின்றன. இனிக் கட்டப்போகும் வீடுகளும் அவ்வாறே நிற்கட்டும். அவற்றைக் கட்டுகின்ற நீங்களும் உங்களோடு உழைப்பவர்களும் பொழுதோடு வேலை முடித்து, கையும் காலும் நலமாக, உங்கள் சொந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அதற்கு வேண்டிய ஏற்பாட்டைச் செய்வது நம் எல்லோருடைய கடமையாகும்.